டிகிரிக்குப் பணம் கட்டும் முன் ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பாருங்கள்

கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் பட்டப்படிப்பில் சேரலாமா என்று யோசிக்கிற யார் கையிலும் ஒரு கையேடு இருக்கும், வழவழ தாளில், நாலு பேர் ஒரே லேப்டாப்பை எட்டிப் பார்த்துச் சிரிக்கும் அட்டையோடு. அதை ஓரமாக வையுங்கள். படிப்பு தேறுமா தேறாதா என்று தெரிந்துகொள்ள மூன்று காகிதம் போதும்: கிரெடிட் எண்ணிக்கையோடு முழு சிலபஸ், சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் பாடத்தில் போன வருஷம் கொடுத்த அசைன்மெண்ட் ஒன்று, கடைசி வருஷ மாணவர் எழுதிய ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ஒன்று. சிலபஸ் பெரும்பாலும் இணையதளத்திலேயே கிடைக்கும். மற்ற இரண்டையும் துறைக்கு எழுதிக் கேட்க வேண்டும். தங்கள் மாணவர்களின் வேலையில் நம்பிக்கை இருக்கிற துறை, பெயரை மறைத்துவிட்டாவது அனுப்பி வைக்கும். மழுப்பினால் அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை என்ன என்று தெரியாமல் படிப்பை எடைபோட முடியாது

சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் நிற்கும் இடம் நடுவில். ஒரு பக்கம் வேலை தெரிந்தவர்கள், அதாவது கணக்குப் பிரிவு, கிடங்கு, மருத்துவமனை வார்டு, டிக்கெட் கவுண்டர். இன்னொரு பக்கம் புரோகிராம் எழுதுபவர்கள். முதல் கூட்டம் சொல்வதையும், "இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்று சொல்லாமல் விடுவதையும் கேட்டு வாங்கி, இரண்டாவது கூட்டம் கட்டக்கூடிய அளவுக்குத் துல்லியமாக எழுதிக் கொடுப்பதுதான் வேலையின் சாரம். "சிஸ்டம் வேகமாக இருக்கணும்" என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே எழுதி வைப்பதில் பிரயோஜனம் இல்லை. எத்தனை பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவார்கள், எந்தத் திரை, எத்தனை வினாடி வரை பொறுத்துக்கொள்வார்கள் என்று துருவி, "200 பேர் உள்ளே இருக்கும்போதும் தேடல் முடிவு 2 வினாடிக்குள் வர வேண்டும்" என்று எழுதினால் பின்னால் யாராவது ஸ்டாப் வாட்ச் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

இது புத்தகத்தைப் படித்து வருகிற திறமை இல்லை. ஆளிடம் பேசிப் பேசித்தான் வரும். அதனால் ஒரு படிப்பைப் பார்க்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, கம்ப்யூட்டர் தெரியாத ஒரு மனிதர் முன்னால் மாணவரை எத்தனை தடவை உட்கார வைக்கிறார்கள் என்பதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

ஏசிஎம், ஐட்ரிபிள்ஈ போன்ற கணினித் துறையின் தொழில்முறைச் சங்கங்கள் சேர்ந்து 2005ல் வெளியிட்ட பாடத்திட்ட அறிக்கை, கணினிப் படிப்புகளை ஐந்தாகப் பிரித்தது: கணினிப் பொறியியல், கணினி அறிவியல், தகவல் அமைப்புகள், தகவல் தொழில்நுட்பம், மென்பொருள் பொறியியல். சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் என்று தனித் துறை அதில் கிடையாது. பெரும்பாலும் அது தகவல் அமைப்புகள் படிப்பின் நடுநாயகமான பாடமாக இருக்கும். ஆகவே "தகவல் அமைப்புகள்" என்று பெயர் போட்ட படிப்பு நீங்கள் தேடுவதாக இருக்கலாம், "சிஸ்டம்ஸ் அனாலிசிஸ்" என்று பெயர் போட்டது உள்ளே பார்த்தால் வெறும் புரோகிராமிங் படிப்பாக இருக்கலாம், இரண்டும் நடக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க அளவுகோல் வேண்டும் என்றால், ஏசிஎம்மும் ஏஐஎஸ் என்ற தகவல் அமைப்புகளுக்கான சங்கமும் சேர்ந்து மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றைத் தயாரிக்கின்றன. அதன் 2010 பதிப்பு ஏழு அடிப்படைப் பாடங்களைச் சொன்னது: தகவல் அமைப்புகளின் அடிப்படை, தரவு மேலாண்மை, நிறுவன அளவிலான கட்டமைப்பு, ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட், தொழில்நுட்ப உள்கட்டமைப்பு, சிஸ்டம்ஸ் அனாலிசிஸும் வடிவமைப்பும், உத்தியும் நிர்வாகமும். பிறகு வந்த 2020 பதிப்பு, பாடம் எது என்பதை விட மாணவருக்கு என்ன செய்யத் தெரிய வேண்டும் என்பதில் கவனத்தை வைத்தது. அதை வரிக்கு வரி படிக்கத் தேவையில்லை. இந்த ஏழில் எது உங்கள் கையிலிருக்கும் சிலபஸில் இல்லை என்று தேடினாலே அரை மணி நேரத்தில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

சிலபஸைப் பிரித்துப் போடுங்கள்

சிலபஸை அச்செடுத்து, ஒவ்வொரு பாடத்தின் பக்கத்திலும் ஒரு எழுத்து போடுங்கள். மனிதர்களையும் அவர்கள் வேலை செய்யும் முறையையும் பற்றிய பாடத்துக்கு 'ம': தேவைகளைச் சேகரிப்பது, வேலை ஓட்டத்தை வரைவது, அலுவலக நிர்வாகம், கணக்குப்பதிவு, தொழில்முறை எழுத்து, ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட். தரவு பற்றியதற்கு 'த': டேட்டாபேஸ், எஸ்கியூஎல், புள்ளியியல், தகவல் பாதுகாப்பு, தனியுரிமை. புரோகிராமிங், நெட்வொர்க், ஆபரேட்டிங் சிஸ்டம், கிளவுட் எல்லாம் 'க'. அப்புறம் ஒவ்வொரு எழுத்துக்கும் எத்தனை கிரெடிட் என்று கூட்டுங்கள்.

எண்ணிக்கையை அப்படியே ஒப்பிட்டுவிடாதீர்கள், சதவீதமாக்குங்கள். ஐரோப்பிய முறையில் ஒரு வருஷத்துக்கு 60 கிரெடிட், ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அமெரிக்க முறையில் இளங்கலை முழுவதுக்கும் சுமார் 120தான். அங்கே 6 என்பதும் இங்கே 6 என்பதும் ஒன்றே இல்லை.

'ம' மொத்தத்தில் கால் பங்குக்குக் கீழே இருந்தால் அது வேறு பெயரில் வந்த கணினி அறிவியல் படிப்பு என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். (இந்தக் கால் பங்குக் கணக்கு என்னுடையது, எந்த அதிகாரபூர்வ விதியும் இல்லை.) அதுவே மோசமான படிப்பு என்று சொல்லவில்லை, நீங்கள் தேடி வந்த சரக்கு அதில் இல்லை என்கிறேன். மறுபக்கமும் உண்டு. 'த'வும் 'க'வும் ஏறக்குறைய இல்லாமல், எல்லாமே நிர்வாகமும் பிரசன்டேஷனுமாக இருந்தால் ஓடிவிடுங்கள். டேட்டாபேஸில் ஒரு டேபிளைத் தானே உருவாக்கி, இரண்டு டேபிளை இணைத்துத் தகவலைக் கேட்டு எடுக்கும் ஒரு வினவல் எழுதிப் பார்க்காத அனலிஸ்ட்டை எந்த புரோகிராமரும் இரண்டாவது மீட்டிங்கிலிருந்து மதிக்க மாட்டார்.

அடுத்து, பழசு என்று சொல்லி எதையும் தள்ளும் முன் கொஞ்சம் யோசியுங்கள். பழசில் இரண்டு வகை இருக்கிறது. தகவலை ஒன்றோடொன்று இணையும் டேபிள்களாக வைக்கும் உறவுமுறை டேட்டாபேஸ் என்ற யோசனையைக் கணினி அறிவியலாளர் எட்கர் காட் 1970ல் எழுதினார். தரவு ஓட்ட வரைபடமும் எழுபதுகளின் சரக்கு. சிஸ்டத்தைப் படமாக வரைந்து காட்டும் குறியீட்டு முறையான யுஎம்எல் 1997ல் தரநிலையாக ஏற்கப்பட்டது. இவையெல்லாம் சிலபஸில் இருப்பது நல்ல அறிகுறி, ஏனென்றால் இவை யோசிக்கும் முறைகள், சீக்கிரம் கெட்டுப்போவதில்லை. ஆனால் லேப் பட்டியலில் விஷுவல் பேசிக் 6 என்ற புரோகிராமிங் கருவி இருந்தால்? அது 1998ல் வந்தது, அதன் மேம்பாட்டுச் சூழலுக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த ஆதரவு 2008லேயே முடிந்துவிட்டது. அந்த லேப் பட்டியலை அத்தனை வருஷமாக யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று அர்த்தம். கருவி பழசாக இருப்பதை விட, அதைக் கவனிக்க ஆளில்லை என்பதுதான் பயப்பட வேண்டிய சங்கதி.

அஜைல், அதாவது மென்பொருளைச் சிறு சிறு துண்டாகக் கட்டி, காட்டி, திருத்திக்கொண்டே போகும் முறை, அதைப் பற்றி ஒரு வார்த்தை: 2001ல் அதன் கொள்கை அறிக்கை வந்த பிறகு பல சிலபஸ்களில் அது ஒரு யூனிட்டாக நுழைந்துவிட்டது. யூனிட்டாக மட்டும் இருந்தால் மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள். ப்ராஜெக்ட்டை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை யாராவது ஒரு பயனரிடம் காட்டித் திருத்தச் சொல்கிறார்களா என்று பாருங்கள், அதுதான் முக்கியம்.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்: இங்கே நிதானமாக உட்காருங்கள்

ரிப்போர்ட் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு பெரும்பாலும் "நூலக மேலாண்மை அமைப்பு" என்று இருக்கும், சிரிக்காதீர்கள், தலைப்பில் தப்பே இல்லை. உள்ளே போங்கள்.

முதல் அத்தியாயத்தில் "தற்போதைய முறை" என்று ஒரு பகுதி வரும். "தற்போதைய முறை கையால் செய்யப்படுகிறது, மெதுவானது, பிழைகள் அதிகம். முன்மொழியப்படும் முறை வேகமானது, எளிதானது, பாதுகாப்பானது." இதோடு முடிந்துவிட்டால், மாணவர் எந்த நூலகத்துக்குள்ளும் கால் வைக்கவில்லை. இந்த வரிகளில் நூலகம் என்பதை எடுத்துவிட்டு மருந்துக்கடை என்று போட்டாலும் பொருந்தும், விடுதி என்று போட்டாலும் பொருந்தும். நிஜமாகப் போய்ப் பார்த்தவர் எழுதினால் வேறு மாதிரி இருக்கும்: நூலகர் எந்த நோட்டில் எழுதுகிறார், அபராதத்தை யார் தள்ளுபடி செய்யலாம், அட்டை தொலைந்து போனவருக்கு என்ன செய்கிறார்கள், எந்த வேலையைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற அவருக்கே விருப்பமில்லை, ஏன்.

அடுத்து "சாத்தியக்கூறு ஆய்வு". தொழில்நுட்பம், பொருளாதாரம், செயல்பாடு என்று மூன்று பத்தி இருக்கும். மூன்றிலும் ஒரு எண்கூட இல்லாமல், மூன்றும் "சாத்தியமே" என்று முடிந்தால் அது சடங்கு. ஏதாவது ஒன்றில் "இது கட்டுப்படியாகாது, அதனால் இந்த அம்சத்தை விட்டுவிட்டோம்" என்று ஒரு வரி இருந்தால் அந்த மாணவர் நிஜமாகவே யோசித்திருக்கிறார்.

பிறகு டேபிள் வடிவமைப்புப் பக்கத்துக்குத் தாவுங்கள். புரோகிராமிங் தெரியாவிட்டாலும் இதைப் பார்க்கலாம். 'புத்தகம்' என்று ஒரு டேபிள், அதில் புத்தக எண், தலைப்பு, ஆசிரியர், எடுத்தவர், திருப்ப வேண்டிய தேதி என்று ஐந்து கட்டம். பார்வைக்குச் சரியாகத்தான் தெரியும். இப்போது மூன்று கேள்வி கேளுங்கள். ஒரே தலைப்பில் நூலகத்தில் மூன்று பிரதி இருந்தால்? மூன்று வரிசையில் தலைப்பை மூன்று தடவை தட்டச்சு செய்ய வேண்டும், ஒன்றில் எழுத்துப்பிழை வந்தால் தேடலில் அது மட்டும் காணாமல் போகும். ஒரு வாசகர் முன்பதிவு செய்தால்? அவருக்கு வேண்டியது அந்தத் தலைப்பு, எந்தப் பிரதி என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை, ஆனால் இந்த டேபிளில் ஏதோ ஒரு பிரதியின் மேல்தான் பதிவு செய்ய முடியும். நடுப்பக்கம் கிழிந்து ஒரு புத்தகம் திரும்பி வந்தால், இவருக்கு முன்னால் யார் எடுத்தார்? தெரியாது, 'எடுத்தவர்' கட்டத்தில் பழைய பெயரை அழித்துவிட்டுத்தான் புதுப்பெயர் ஏறியிருக்கும். தலைப்பு தனி, பிரதி தனி, கொடுக்கல் வாங்கல் தனி என்று மூன்றாகப் பிரித்திருந்தால் இந்த மூன்று சிக்கலும் வராது. அப்படிப் பிரிக்கத் தோன்ற வேண்டும் என்றால் கவுண்டரில் ஒரு மத்தியானம் நின்றிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஐந்து கட்ட டேபிளைப் பற்றி எனக்கு எப்படி இவ்வளவு நன்றாகத் தெரியும் என்றால், என் ப்ராஜெக்ட்டில் இருந்தது அதேதான். வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ரிப்போர்ட்டைத் திறக்காமலே, "நூலகரிடம் பேசினீர்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இல்லை என்றேன். "நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். ஆறு மாதம் வழிகாட்டிய ஆசிரியர் அந்தக் கேள்வியை ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். பாஸ் போட்டுவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஒரு ரிப்போர்ட்டை வைத்து முழுத் துறையையும் எடைபோடலாமா என்று கேட்டால், கூடாதுதான். முடிந்தால் மூன்று வாங்குங்கள். மூன்றிலும் "தற்போதைய முறை" பத்தி ஒரே வார்த்தைகளில் இருந்தால் மேற்கொண்டு எதையும் படிக்கத் தேவையில்லை.

சொல்லிக்கொடுப்பவர்களும் சீனியர்களும்

ஆசிரியர் பட்டியலில் முனைவர் பட்டம் எத்தனை என்று எண்ணுவதில் பெரிய பலன் இல்லை. சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் பாடத்தையும் ப்ராஜெக்ட் பாடத்தையும் நடத்துகிற இரண்டு மூன்று பேர் யார் என்று மட்டும் பாருங்கள். அவர்களில் ஒருவராவது வகுப்பறைக்கு வெளியே ஒரு நிறுவனத்துக்காக சிஸ்டம் கட்டியோ, மாற்றியோ, கட்டியது சொதப்பியோ பார்த்தவராக இருக்க வேண்டும்.

சீனியர் மாணவர் ஒருவரிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால் "காலேஜ் எப்படி" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்கும்" என்று பதில் வரும், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது. "தோற்றுப்போன எந்த சிஸ்டத்தைப் பற்றி வகுப்பில் பேசியிருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். எந்த வண்டியை எங்கே அனுப்புவது என்று பார்க்க லண்டன் ஆம்புலன்ஸ் சேவை கொண்டுவந்த கம்ப்யூட்டர் முறை இந்தத் துறையில் பாலபாடம். 1992 அக்டோபர் 26 அன்று ஓட விட்டார்கள். வண்டி எங்கே இருக்கிறது என்ற தகவல் தப்பாக ஏறியது, எச்சரிக்கைச் செய்திகள் திரையில் குவிந்து முக்கியமானவை கண்ணில் படாமல் மேலே போயின, ஒரே அழைப்புக்கு இரண்டு வண்டி போனது. மறுநாளே பாதி கையால் செய்யும் முறைக்குத் திரும்பினார்கள். நவம்பர் 4 அன்று மிச்சமிருந்ததும் நின்றுபோய், பேனாவும் காகிதமும் வந்தன. விசாரணை அறிக்கை மென்பொருளோடு நிற்கவில்லை, அவசரமான காலக்கெடு, பயிற்சிக் குறைவு, ஊழியர்களைச் சேர்த்துக்கொள்ளாமல் திட்டமிட்டது எல்லாவற்றையும் சொன்னது. அல்லது 1999ல் தொலைந்துபோன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற நாசாவின் செவ்வாய் விண்கலம்: ஒரு குழுவின் மென்பொருள் உந்துவிசை எண்ணை பவுண்ட் அலகில் கொடுத்தது, அதை வாங்கிய மென்பொருள் நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. இதில் ஏதாவது ஒன்றை அந்த சீனியர் தன் வார்த்தையில் சொல்லத் தொடங்கினால் அந்த வகுப்பில் படிப்பு நடக்கிறது.

அங்கீகாரம்

பல்கலைக்கழகத்துக்கான அங்கீகாரம் ஒன்று, குறிப்பிட்ட படிப்புக்கான அங்கீகாரம் இன்னொன்று. முதலாவது இல்லாவிட்டால் பேச்சே வேண்டாம், பட்டம் செல்லுபடியாகுமா என்பதே சந்தேகம். இரண்டாவது இருந்தால் நல்லது. அமெரிக்காவின் ஏபெட் என்ற அமைப்பு படிப்புகளைத்தான் சோதிக்கிறது, கணினி அறிவியல், தகவல் அமைப்புகள், தகவல் தொழில்நுட்பம், சைபர் பாதுகாப்பு என்று தனித்தனி அளவுகோல் வைத்திருக்கிறது. ஒரே துறையில் கணினி அறிவியலுக்கு அங்கீகாரம் இருந்து, நீங்கள் சேரப்போகிற படிப்புக்கு இல்லாமல் இருக்கலாம், ஆனால் கையேட்டில் முத்திரை எல்லாப் பக்கத்திலும் இருக்கும். பிரிட்டனில் பிசிஎஸ் என்ற கணினிச் சங்கம் இதே வேலையைச் செய்கிறது. வேறு நாட்டில் வேலையோ மேற்படிப்போ யோசித்தால் 2008ல் உருவான சியோல் ஒப்பந்தத்தையும் கவனியுங்கள், அதில் உறுப்பினரான அமைப்புகள் ஒன்று அங்கீகரித்த கணினிப் பட்டத்தை மற்றவை ஏற்றுக்கொள்கின்றன. எதுவாக இருந்தாலும் அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பின் பட்டியலில் போய், படிப்பின் பெயரையும் எந்த வருஷம் வரை செல்லும் என்பதையும் நீங்களே தேடிப் பாருங்கள்.

வேலைவாய்ப்புக் கணக்கு

"95 சதவீதம் பேருக்கு வேலை." எதில் 95? வகுப்பில் 60 பேர், பிளேஸ்மெண்டுக்குப் பதிவு செய்தது 40 பேர், வேலை கிடைத்தது 38 பேருக்கு என்றால் 95 சதவீதம் என்று எழுதலாம், பொய்யும் இல்லை. ஆனால் 60ல் 38 என்பது 63 சதவீதம். சம்பளத்திலும் இதே வித்தைதான்: பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 3, ஒருவருக்கு 30 என்றால் சராசரி 5.7, ஆனால் அந்த 5.7ஐ வகுப்பில் யாருமே வாங்கவில்லை. சராசரியைக் கேட்காமல், வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளம் என்ன என்று கேளுங்கள்.

அதை விட முக்கியம், என்ன வேலை. அனலிஸ்ட், பிசினஸ் அனலிஸ்ட், டேட்டா அனலிஸ்ட், டெஸ்டிங், இம்ப்ளிமெண்டேஷன் என்று இருந்தால் படிப்புக்கும் வேலைக்கும் தொடர்பு இருக்கிறது. எல்லாரும் வாடிக்கையாளர் அழைப்பு எடுக்கும் வேலையில் இருந்தால், அதற்கு இந்தப் பட்டம் தேவைப்பட்டிருக்காது. இன்டர்ன்ஷிப் கட்டாயமா, அதற்கு இடம் பிடித்துக் கொடுப்பது துறையா மாணவரா, கிரெடிட் உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

இணையவழிப் படிப்பா நேரடியா என்ற கேள்விக்கு நான் அதிகம் அலட்டிக்கொள்ள மாட்டேன். குழுவாகச் செய்யும் ப்ராஜெக்ட் இருக்கிறதா, நிஜப் பயனர் ஒருவர் அதில் இருக்கிறாரா என்று பார்த்தால் போதும். செலவு விஷயத்தில் கல்விக்கட்டணத்தோடு தேர்வு, மென்பொருள், இன்டர்ன்ஷிப் காலத்தில் தங்கும் செலவு, ஒரு பாடம் போனால் திரும்ப எழுதக் கட்ட வேண்டியது எல்லாவற்றையும் ஒரே தாளில் கூட்டிப் பாருங்கள்.

சரி, துறைக்கு எப்படி எழுதுவது? சுற்றி வளைக்க வேண்டாம், இப்படி எழுதினால் போதும்:

"வணக்கம். உங்கள் சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் பட்டப்படிப்பில் சேர விரும்புகிறேன். கடந்த ஆண்டு சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் பாடத்தில் கொடுத்த அசைன்மெண்ட் ஒன்றும், இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ஒன்றும் பார்வைக்குக் கிடைக்குமா? மாணவர் பெயர் தேவையில்லை. ப்ராஜெக்ட்டுக்கான நிறுவனத்தையோ பயனரையோ துறையே ஏற்பாடு செய்கிறதா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

நாலைந்து இடங்களுக்கு ஒரே நாளில் அனுப்புங்கள். பதில் எத்தனை நாளில் வந்தது, அட்மிஷன் பிரிவிலிருந்து வந்ததா பாடம் நடத்துகிறவரே எழுதினாரா, கேட்டதற்குப் பதிலா அல்லது அதே கையேட்டின் பிடிஎஃப்பா என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். ரிப்போர்ட் வந்து சேர்ந்ததும் நேராக டேபிள் வடிவமைப்புப் பக்கத்தைத் திறங்கள்.